ஓர் அறைக்கு மூன்று முட்டை

தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் சாதிக்காய் மரத்தடியில் எனக்கு மூன்று தேனீப் பெட்டிகள் உண்டு. அன்று நடுப்பெட்டியைத் திறந்து, அடை கட்டிய ஒரு மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினேன். அறை அறையாக முட்டை. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று, ஒன்றிரண்டில் அதற்கும் மேலே. புது ராணி வெளுத்து வாங்குகிறாள் என்று மனசுக்குள் பூரித்துப்போய், பக்கத்தில் நின்ற மாமாவிடம் சட்டத்தை நீட்டினேன். தேனீயைத் தொடவே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். கெடாவில் தோட்டத்து வேலையில் இருந்த காலத்திலேயே தென்னம்பொந்துகளில் கைவிட்டுக் கூடு எடுத்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அரை நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது ராணி போட்ட முட்டை இல்ல. இந்தப் பெட்டியில ராணியே இல்ல."

"முட்டை இருக்கே மாமா?"

"இருக்கு. எங்க ஒட்டியிருக்குன்னு பாரு."

அன்று அவர் காட்டியதையும், அதற்குப் பிறகு நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதையும் புதிதாகப் பெட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் சொல்வது நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் ஆசியத் தேனீயைப் பற்றி. தமிழ்நாட்டில் இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்பார்கள். அறிவியல் பெயர் ஏப்பிஸ் செரானா. கெலுலுட் வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுக்கில்லாத அந்தத் தேனீயின் குடும்பக் கதை முற்றிலும் வேறு.

முதலில் ஒரு சின்னப் பாடம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ராணி பிறந்த சில நாளில், வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் வெளியே பறந்துபோய் பல ஆண் தேனீக்களோடு கூடிவிட்டுத் திரும்புவாள். அந்த விந்தை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேர்த்துவைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்வாள். முட்டை இறங்கும்போது அதோடு விந்து சேர்ந்தால் பெண் பிறக்கும். சேராவிட்டால் முட்டை வீணாவதில்லை, ஆண் பிறக்கும். அதாவது ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, தாத்தா மட்டும் உண்டு. இன்றைய போலந்தின் சைலேசியாவில் பாதிரியாராக இருந்த யான் ஜெர்ஜோன் 1845-இல் இதை எழுதியபோது எளிதில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று இது பாடப்புத்தகச் செய்தி.

பணித்தேனீக்கள் எல்லாரும் பெண்கள்தான். அவர்களுக்கும் சினைப்பை உண்டு, ஆனால் சுருங்கிப்போய்க் கிடக்கும். ஆணோடு கூடும் வழி அவர்களுக்கு இல்லை. ஆகவே பணித்தேனீ முட்டையிட்டால் அது விந்து சேராத முட்டை; அதிலிருந்து ஆண்தான் வரும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஒரு வகைத் தேனீ மட்டும் இதற்கு விலக்கு. அங்கே பணித்தேனீ இடும் முட்டையிலிருந்தே பெண் பிறக்கிறது. நம் பெட்டியில் அந்த அதிசயம் நடக்காது.

அப்படியானால் மற்ற நாட்களில் இவர்கள் ஏன் முட்டையிடுவதில்லை? இரண்டு வாசனைகள் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. ஒன்று ராணியுடையது. அவளைச் சுற்றி நிற்பவர்கள் அவளை நக்கி, தொட்டு, பிறகு மற்றவர்களைத் தொட, அந்த வாசனை கூடு முழுக்கப் பரவுகிறது. இன்னொன்று மூடாத அறைகளில் கிடக்கும் புழுக்களுடையது. குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்வரை வேலைக்காரிகளின் உடம்பு தனக்கென்று ஒன்று செய்துகொள்ள நினைப்பதில்லை. இதையும் மீறி ஒருத்தி திருட்டுத்தனமாக ஒரு முட்டை வைத்துவிட்டால், சக வேலைக்காரிகள் அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுவார்கள். கூட்டுக்குள் அப்படி ஒரு காவல் இருக்கிறது.

ராணி போய், புழுக்களும் வளர்ந்து முடிந்துவிட்டால் இரண்டு கட்டும் அவிழ்ந்துவிடுகிறது. நம் தேனீயிடம் இது மிக வேகமாக நடக்கும். ஐரோப்பியத் தேனீ என்றால் மூன்று நான்கு வாரம் தாக்குப்பிடிக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. ஆசியத் தேனீக் கூட்டில் ராணி இருக்கும்போதே நூற்றில் ஒன்று முதல் ஐந்து பணித்தேனீக்களின் சினைப்பையில் முட்டை இருக்கும். ராணியை எடுத்துவிட்டுப் பரிசோதித்தபோது, நான்காம் நாளில் சுமார் 15 விழுக்காட்டினருக்கும் ஆறாம் நாளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும் சினைப்பை விழித்துக்கொண்டிருந்தது. ஆறு நாள்! நாம் ஒரு வாரம் மழை என்று தோட்டத்துக்குப் போகாமல் இருந்தால் போதும்.

சரி, ராணி எப்படிக் காணாமல் போகிறாள்? நாட்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

ராணி இன்று செத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கடைசியாக இட்ட முட்டை மூன்றாம் நாள் பொரிந்து புழுவாகும். புழு மிகச் சிறியதாக இருக்கும் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் அதைத் தேர்ந்தெடுத்து, அறையை நீட்டிக் கீழ்நோக்கித் தொங்கவைத்து, ராணிக்கூழை மட்டும் ஊட்டி வளர்த்தால் அது ராணியாகும். ஆகக் கூட்டின் கையில் இருப்பது ஐந்தாறு நாள். நல்ல கூடு இந்த வாய்ப்பைத் தவறவிடாது. ராணி செத்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிடும். ராணி செத்ததால் மட்டும் பெட்டி இந்த நிலைக்கு வருவது அபூர்வம்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது அதற்கு அடுத்த கட்டத்தில். கன்னி ராணி பிறக்கிறாள், ஒரு வாரம் கழித்து ஆணோடு கூடுவதற்காகப் பறக்கிறாள், திரும்பி வருவதில்லை. பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டான் பறவையின் அலகில் போயிருப்பாள். பினாங்கின் பிற்பகல் மழை திடீரென்று கொட்டி அவளை அடித்துச் சாய்த்திருக்கும். அல்லது ஒரே நிறத்தில் வரிசையாக வைத்த பெட்டிகளில் குழம்பிப் பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கே கொல்லப்பட்டிருப்பாள். அதற்குள் பழைய ராணி விட்டுப்போன முட்டையெல்லாம் வளர்ந்து தேனீயாகப் பறந்துவிட்டன. இன்னொரு ராணியை உருவாக்கக் கூட்டில் ஒரு புழுவும் இல்லை. பெட்டி உண்மையில் அனாதையாவது இந்தத் தருணத்தில்தான்.

என் நடுப்பெட்டியின் கதையும் இதுவே. பொங்கல் சமயத்தில் அது பிரிந்தது. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிப்போனாள். உள்ளே ராணி அறைகள் இருந்ததைப் பார்த்துவிட்டு, "புது ராணி வரட்டும், தொந்தரவு செய்யக் கூடாது" என்று மூடிவைத்தேன். அப்புறம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் வேலை, காவடி, வந்த சொந்தக்காரர்கள் என்று நாள் ஓடிவிட்டது. மூடிவைத்தது சரிதான். எப்போது திறக்க வேண்டும் என்று தேதி போட்டுவைக்காததுதான் தப்பு.

இப்போது மாமா காட்டிய அடையாளங்களுக்கு வருவோம். ராணியின் வயிறு நீளமானது. அறைக்குள் வயிற்றை விட்டால் அடித்தளம் வரை போகும். நடுவில் ஒரே ஒரு முட்டையை நட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பணித்தேனீயின் வயிறு குட்டை. அடிவரை எட்டாது. அதனால் முட்டை அறையின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், கோணல் மாணலாகக் கிடக்கும். ஒருத்தி வைத்த அறையிலேயே அடுத்தவளும் வந்து வைப்பாள். மகரந்தம் சேர்த்த அறையில்கூடச் சில முட்டைகள் கிடக்கும். இதைப் பார்க்க முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி நின்று, சட்டத்தைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். என் வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போவது நல்லது. வெறும் கண்ணில் ஒரு முட்டைக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும், முதலாமவன் நான்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. பணித்தேனீ வளரும் சின்ன அறையில் உடம்பு பெருத்த ஆண் வளர்வதால், மூடி தட்டையாக இல்லாமல் துப்பாக்கித் தோட்டா மாதிரி புடைத்து நிற்கும். மூடிய அறைகள் ஒரே பரப்பாக இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இன்னும் இரண்டு வாரம் போனால் வாசலில் அளவில் சிறிய ஆண் தேனீக்கள் திரியும். மகரந்தம் சுமந்து வருபவர்கள் குறைந்திருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் வழக்கமான சீரான ரீங்காரம் இல்லாமல், முனகல் போல ஓர் இரைச்சல் எழும். தேனீக்களின் உடம்பே கறுத்து மினுமினுப்பதாக மாமா சொல்வார். அன்று எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இதே போலத் தோன்றும் வேறு இரண்டு நிலைகள் உண்டு. புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் ராணி முதல் சில நாட்கள் தடுமாறி ஓர் அறையில் இரண்டு மூன்று வைத்துவிடுவாள். ஆனால் அவை அடித்தளத்தில் இருக்கும், சுவரில் இருக்காது. ஒரு வாரத்தில் அவளும் ஒழுங்குக்கு வந்துவிடுவாள். இன்னொன்று, மழையில் மாட்டிக்கொண்டு மூன்று நான்கு வாரம் ஆணோடு கூடவே முடியாமல் போன ராணி, அல்லது விந்து தீர்ந்துபோன கிழட்டு ராணி. அறைக்கு ஒன்று, நடுவில், ஒழுங்காகத்தான் முட்டை இருக்கும். ஆனால் மூடிய அறைகள் எல்லாம் புடைத்திருக்கும், ஏனென்றால் அவளும் ஆணை மட்டுமே பெறுகிறாள். அங்கே அந்த ராணியைத் தேடிப்பிடித்து நீக்க வேண்டும். நம் பெட்டியில் நீக்குவதற்கு ஆளே இல்லை.

தொடக்கக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இங்கேதான் வரும்: "முட்டையிடும் அந்தத் தேனீயைப் பிடித்து நசுக்கிவிட்டால் என்ன?" அது ஒருத்தி இல்லை. பல பத்துப் பேர், சில சமயம் நூற்றுக்கணக்கில், ஆளுக்குச் சில முட்டையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் மற்றவர்களிடமிருந்து பிரித்தறியவும் முடியாது.

அடுத்த யோசனை, ஒரு நல்ல ராணியைக் கொண்டுவந்து விடுவது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கூட்டின் கணக்கில் அவர்களிடம் ஏற்கெனவே ராணி இருக்கிறாள். சினைப்பை விழித்த பணித்தேனீக்களிடமிருந்தே ராணி வாசனை போன்ற ஒன்று வருகிறது. வந்தவளை அந்நியள் என்று சுற்றிவளைத்து, பந்தாகத் திரண்டு கொன்றுவிடுவார்கள். என் கையில் உபரி ராணி இருந்ததே இல்லை; இருந்தால் இப்படி ஒரு பெட்டிக்குப் பலி கொடுத்திருக்கவும் மாட்டேன்.

மூன்றாவது வழி உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். நல்ல பெட்டி ஒன்றிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள அடையை எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு இந்தப் பெட்டியில் செருகுவது. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. புழுக்களின் வாசனை மெல்ல மெல்ல வேலைக்காரிகளின் சினைப்பையை மறுபடி அடக்கும். மூன்றாவது அடையில் பெரும்பாலும் ராணி அறை கட்டத் தொடங்குவார்கள். அதிலிருந்து ராணி பிறந்து, பறந்து, கூடி, முட்டையிட இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் கூட்டிலிருக்கும் கிழடுகள் பாதிக்கு மேல் செத்திருக்கும். பத்துப் பதினைந்து பெட்டி வைத்திருப்பவர் செய்யலாம். மூன்று பெட்டிக்காரர் செய்தால், சாகும் ஒன்றுக்காக வாழும் ஒன்றை வாரா வாரம் கறப்பதாகத்தான் முடியும். ஆசியத் தேனீயின் கூடு சிறியது. மூன்று அடை போவது அதற்குப் பெரிய இழப்பு. மனம் நொந்தால் பெட்டியையே விட்டு ஓடிவிடும் சாதி வேறு.

அதனால் என் கருத்து இது: இந்தப் பெட்டியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தேனீக்களைக் காப்பாற்றி, நல்ல ராணி உள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். எனக்கும் அன்று மனம் வரவில்லை. "மூன்று பெட்டி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது. மாமா சிரித்துக்கொண்டே, "எண்ணிக்கை உனக்குத்தான் வேணும், ஈக்கு வேணாம்" என்றார்.

சேர்ப்பது எப்படி? செய்தித்தாள் முறைதான் எளிது. அதற்கு முந்தைய நாட்களில் அனாதைப் பெட்டியை நாளுக்கு அரை மீட்டர் வீதம் நல்ல பெட்டியின் பக்கம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால், வெளியே போனவர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து காற்றில் தவிப்பார்கள். சேர்க்கும் நாளில் புடைத்த ஆண் அறைகளும் சிதறிய முட்டைகளும் உள்ள அடைகளை உதறி வெளியே எடுத்துவிடுங்கள். தேனும் மகரந்தமும் உள்ள அடைகள் இருக்கட்டும். பொழுது சாய்ந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, ராணியுள்ள பெட்டிக்கு மெல்லிய புகை காட்டி மூடியைக் கழற்றுங்கள். மேலே ஒரே ஒரு செய்தித்தாளை விரியுங்கள். முந்தாநாள் 'மக்கள் ஓசை' போதும். குண்டூசியால் ஐந்தாறு துளை. அதன்மேல் அனாதைப் பெட்டியை அடிப்பலகை இல்லாமல் வைத்து மூடுங்கள். மேலே இருப்பவர்களுக்கு வேறு வாசல் இருக்கக் கூடாது. அதனாலேயே நிழலில் வைக்க வேண்டும்; நம் ஊர்ப் புழுக்கத்தில் பகல் வெயில் நேரே விழுந்தால் மேல்பெட்டி வெந்துவிடும்.

தாளைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலில் தள்ள அவர்களுக்கு ஓரிரு நாள் ஆகும். அதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை இல்லை. கீழே இருக்கும் ராணியின் வாசனையும் புழுக்களின் வாசனையும் மேலே ஏறி, முட்டையிட்டவர்களை அடக்கும். அவர்கள் இடும் மிச்ச முட்டைகளைக் கீழ்ப்பெட்டிக்காரிகள் தின்று தீர்ப்பார்கள். மூன்று நாளைக்குத் திறக்காதீர்கள். ஆவல் தாங்காமல் நான் இரண்டாம் நாளே திறந்துவிட்டேன். அதற்குக் கூலியாக இமையில் ஒரு கொட்டு.

ஒரு எச்சரிக்கை: ராணியுள்ள பெட்டி இதைவிடப் பலமானதாக இருக்க வேண்டும். அனாதைக் கூட்டம் பெரிதாகவும் ராணிக் கூட்டம் சிறிதாகவும் இருந்தால், மேலிருந்து இறங்குபவர்கள் ராணியைத் தாக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் ராணியை இரண்டு மூன்று நாள் சிறு கூண்டில் அடைத்துப் பாதுகாத்துச் சேர்ப்பார்கள்.

அனாதைக் கூட்டம் கையளவுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். தேன் வரத்துள்ள நல்ல வெயில் நாளில், பெட்டியை இருபது முப்பது மீட்டர் தள்ளி எடுத்துப்போய்ப் புல்லில் உதறிவிடுங்கள். பழைய இடத்தில் பெட்டி இல்லாததைக் கண்டு, வயிற்றில் தேனோடு அடுத்த பெட்டிகளின் வாசலில் போய்க் கெஞ்சுவார்கள்; பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். முட்டையிடும் தேனீக்களால் பறக்க முடியாது, அவை புல்லிலேயே தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அவர்களும் பறந்து வருவார்கள். ராணியுள்ள கூட்டில் நுழைந்தபின் அவர்களின் ஆட்டம் செல்லாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் வராமல் தடுக்க முடியாதா? முடியும், மலிவாகவே முடியும். கூடு பிரிந்தாலோ நாமே பிரித்தாலோ, பெட்டி மூடியில் அன்றைய தேதியைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். மழை அழிக்கும் என்றால் மார்க்கர் பேனா. புது ராணி பிறந்திருக்கும் என்று கணக்கிட்ட நாளிலிருந்து ஒரு வாரத்தில், பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஓர் அடையை உள்ளே வையுங்கள். ராணி நலமாக இருந்தால் அந்தப் புழுக்களைச் சும்மா வளர்ப்பார்கள், நஷ்டமில்லை. ராணி திரும்பவில்லை என்றால் மூன்று நான்கு நாளில் அந்த அடையில் ராணி அறை தொங்கும். உங்களுக்குச் சேதியும் தெரிந்துவிட்டது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் சினைப்பைகளையும் அந்தப் புழுக்களே அடக்கிவைத்திருக்கும். அன்று ஓர் அடை கொடுத்திருந்தால் எனக்கு ஒரு பெட்டி மிஞ்சியிருக்கும். ஒற்றைப் பெட்டி வைத்துக்கொண்டு தேனீ வளர்க்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். கடன் கேட்க ஒரு பக்கத்து வீடு வேண்டும்.

வெளியே எடுத்த அந்த அடைகளை என்ன செய்வது என்று சொல்லவில்லையே. அவற்றை இன்னொரு பெட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்காதீர்கள். வர்ரோவா என்ற உண்ணி ஆசியத் தேனீயின் பழைய ஒட்டுண்ணி. நம் தேனீயிடம் அது குஞ்சு பொரிப்பது ஆண் அறைகளில்தான். ஆண் அறை மட்டுமே உள்ள அடை என்றால் அதற்கு அது பிரசவ விடுதி. போதாததற்கு, காக்க ஆளில்லாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி ஒரே வாரத்தில் நூலாம்படை கட்டிவிடும். நான் கத்தியால் வெட்டி எடுத்து மாமா வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். வெள்ளை வெள்ளையான கூட்டுப்புழுக்களுக்கு அவை அடித்துக்கொண்டன. மிச்சத்தை உருக்கியதில் ஓர் எலுமிச்சம்பழம் அளவு மெழுகு தேறியது.

சேர்த்து எட்டாம் நாள் பெட்டியைத் திறந்தேன். அறைக்கு ஒரு முட்டை, அடியில், நடுவில். பூதக்கண்ணாடியை மாமாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, சட்டத்தைத் திருப்பி மூடியைப் போடச் சொன்னார். காலிப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, உள்சுவரில் அந்த மெழுகையே தேய்த்து, பழைய இடத்தில் சாதிக்காய் மரத்தடியில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். டுரியான் பூக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தச் சமயத்தில் எங்கிருந்தாவது ஒரு கூட்டம் பிரிந்து வரும்.